நல்ல இரும்பு தெரியும் வரை

பிரிட்டனில் எம்.ஓ.டி. என்று சொல்லப்படும் வருடாந்தரச் சோதனை நம் ஊர் எஃப்.சி.யைப் போன்றது, ஆனால் 3 வயது கடந்த சொந்தக் காருக்கும் அங்கே அது கட்டாயம். பழைய லேண்ட் ரோவர் ஒன்று அதில் தோற்றால், எந்தெந்தக் காரணத்தால் தோற்றது என்று அச்சடித்த தாள் ஒன்று உரிமையாளர் கைக்கு வரும். பெரும்பாலும் சில வரிகள்தான் இருக்கும். பின் குறுக்குச் சட்டம் துருவால் பலமிழந்திருக்கிறது. முன் ஆக்சிலில் இடப்பக்கக் கிங்பின்னில் ஆட்டம் அதிகம். பின் பிரேக் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கவில்லை. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடிக்கக் கற்றவர்கள் அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக உண்டு. மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், வண்டிக்கு அடியில் தாங்களே படுத்தவர்கள். அவர்கள் கற்றுக்கொள்வதை வெறும் சிக்கனமாகவோ பொழுதுபோக்காகவோ பார்க்காமல், சங்கீதத்தையும் சிற்பத்தையும் எடைபோடுவதுபோல ஒரு கலையாகவே எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கலையின் தரம் தெரியும் இடம் எது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு: சோதகரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில்தான் அது தெரியும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வண்டியும் இந்தக் கலைக்கு இடம் கொடுப்பதில்லை. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வேல்ஸின் ஆங்கில்சி தீவில் தம் நிலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதற்கு மாற்றாக ஒன்றைத் தாமே கட்டலாம் என்று எண்ணியதில் பிறந்தது இது. போர் முடிந்த நேரம், எஃகுக்கு ரேஷன். விமானத் தொழிலில் புழங்கிய அலுமினியம் மட்டும் கிடைத்தது. ஆகவே பாடிக்கு பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு போட்டார்கள். தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய அச்சுகளில் பணம் போட மனமில்லாததால் பெரும்பாலும் தட்டையாகவே விட்டார்கள். சேஸும் அதே போக்குதான். நான்கு எஃகுப் பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் சேர்த்து வெல்டிங் வைத்துப் பெட்டி வடிவத்தில் அமைத்தார்கள். தட்டுப்பாட்டில் எடுத்த இந்த முடிவுகளின் பலன் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அச்சில்லாமல் செய்த பொருளுக்கு அச்சில்லாமலே ஒட்டுப் போடலாம். கிரைண்டர், மிக் வெல்டிங் மெஷின், 2 மில்லிமீட்டர் தகடு, இவற்றோடு பொறுமையும் இருந்தால் சாலிஹல் தொழிற்சாலையில் நடந்த வேலையை வீட்டுக் கொட்டகையிலேயே தொடரலாம். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூ முகட்டுக்கு ஆளேற்றிப் பேர்பெற்றவை 1950களின் வண்டிகள். தமிழர்கள் தலைமுறைகளாகத் தேயிலை பறித்துவரும் மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறி மூட்டை சுமப்பவையும் பழைய லேண்ட் ரோவர்கள்தான். ஷோரூமும் கம்பெனி சர்வீஸும் இல்லாத இடங்களில் உள்ளூர்க் கைகளே அவற்றைக் காப்பாற்றி வந்தன.

இதைச் சொன்னதும் ஒரு மறுப்பு எழும். சேஸ் துருப்பிடிப்பது உற்பத்திக் குறைதானே, குறையுள்ள பொருளைத் திருத்திக்கொண்டிருப்பதில் என்ன கலை இருக்கிறது? குறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்னோட்டமாகக் கட்டிய முதல் வண்டிகளின் சேஸுக்குத் துத்தநாக முலாம் பூசியிருந்தார்கள். உற்பத்தி தொடங்கியபோது அதைக் கைவிட்டுப் பெயிண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் போகும் என்பதும் கட்டியவர்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் குறையே இல்லாத வண்டி என்று ஒன்று கிடையாது. குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா, கண்டதைக் கையால் தீர்க்க முடிகிறதா என்பதில்தான் ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் வேறுபாடு. லேண்ட் ரோவரில் இரண்டுமே முடியும். முழுதும் மூடிய மின்னணுப் பெட்டி பழுதானால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம், அவ்வளவுதான்; அங்கே கற்றுக்கொள்பவருக்கு இடமில்லை.

சோதனையின் இயல்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1960இல் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது தொடங்கிய இந்தச் சோதனை, 10 வயது கடந்த வண்டிகளின் பிரேக், லைட், ஸ்டியரிங் மூன்றை மட்டுமே பார்த்தது. 1967க்குள் வயது வரம்பு 3க்கு இறங்கியது. சேஸும் பாடியின் கட்டுமானமும் பட்டியலில் சேர்ந்தது 1977இல்தான். இன்று துரு விஷயத்தில் விதி கறாரானது. ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலமிழந்திருந்தால் வண்டி தோற்கும். அங்கே போடும் ஒட்டின் விளிம்பு முழுவதும் வெல்டிங் தொடர்ச்சியாக ஓட வேண்டும். விட்டுவிட்டு வைத்த வெல்டிங் செல்லாது. இவ்வளவு கறாரான சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. சோதகர் எதையும் கழற்றக் கூடாது. கண்ணால் பார்க்கலாம், கையால் ஆட்டலாம், சிறு கருவியால் லேசாகத் தட்டலாம், சுரண்டலாம். பிரேக் டிரம்மைக் கழற்றி உள்ளே பார்க்க அவருக்கு அனுமதியில்லை. கறுப்பு அண்டர்சீல் தடவி மறைத்த சேஸுக்குள் என்ன இருக்கிறது என்று வெட்டிப் பார்க்கவும் முடியாது. ஆகவே தேர்ச்சிச் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்று: அன்றைய தினத்தில், கழற்றாமல் பார்த்த அளவில், குறை தென்படவில்லை. அதற்கு மேல் அது சொல்வதாக நினைப்பது நம் தவறு.

இந்த எல்லையிலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. தாளில் உள்ள வரிகளை அழிப்பதற்காகச் செய்யும் ரிப்பேர் ஒன்று. வண்டிக்காகச் செய்யும் ரிப்பேர் மற்றொன்று. பின் குறுக்குச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சேஸின் பெட்டிக்குள் சேறு புக வழிகள் பல, வெளியேற வழிகள் சில. பனி உறையாதிருக்கச் சாலையில் தூவும் உப்பு குளிர்காலம் முழுவதும் அந்தச் சேற்றோடு சேர்ந்து உள்ளே ஊறும். எனவே துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் பெயிண்ட் கொஞ்சம் உப்பித் தெரியும் நேரத்தில் உள்ளே பாதித் தகடு போயிருக்கும். சிறு சுத்தியலின் முனையால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் வந்ததும் ஒலி அடங்கிவிடும், சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே இறங்கும். பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பது போலத்தான். இந்தக் காதுப் பயிற்சி வாய்த்துவிட்டால், சோதகர் ஒரு சாண் அகலம் என்று குறித்த இடத்தில் உண்மையான கேடு ஒரு முழம் ஓடுவது தெரியவரும்.

அடுத்தது வெட்டுவது. புதிதாகக் கற்பவர்கள் ஓட்டையை மட்டும் பார்த்து, அதன்மேல் தகடு வைத்து மூடப் பார்க்கிறார்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பு காகிதம் போல மெலிந்திருக்கும். அங்கே வெல்டிங் நெருப்பு பட்டதும் தகடு உருகி ஓட்டை இன்னும் பெரிதாகும். அதை அடைக்க மேலும் கம்பியை உருக்கி ஊற்றுவார்கள். கடைசியில் துருவின்மேல் உட்கார்ந்த ஒரு கட்டிதான் மிஞ்சும், தகட்டோடு தகடு சேர்ந்திருக்காது. தேர்ந்த கை வேறு விதமாக வேலை செய்கிறது. கிரைண்டரால் பெயிண்ட்டையும் துருவையும் தேய்த்துக்கொண்டே போய், தகடு முழுக் கனத்தோடு வெள்ளி போல மின்னும் இடத்தில் கோடு போடுகிறது. கோட்டின் இந்தப் பக்கம் அத்தனையையும் வெட்டி எறிகிறது. ஒட்டுத் தகட்டின் மூலைகளைக் கூராக விடாமல் உருட்டி வெட்டுகிறது, ஏனென்றால் கூர்மூலையில்தான் அதிர்வின் விசை குவிந்து விரிசல் தொடங்கும். இங்கும் அங்கும் புள்ளி வைத்து நிறுத்தி, சூடு ஆற விட்டு, ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று வெல்டிங் வைத்துக்கொண்டு வருகிறது. ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு கோணிப்போகும். நல்ல வெல்டிங்கின் மேற்பக்கம் மீன்செதில் அடுக்கு போல ஒரே சீராக இருக்கும். உள்ளே இறங்கியிருக்கிறதா என்பதைப் பின்பக்கத்தில் தெரியும் சூட்டுத் தழும்பு சொல்லும். வெல்டிங்கின் மேற்பக்கத்தைக் கிரைண்டர் வைத்து மழமழவென்று தேய்த்து மறைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்க்கத் தேய்க்க வெல்டிங் மெலிகிறது, தொடர்ச்சியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பவருக்கும் தெரியாமல் போகிறது. சேஸின் மேலுள்ள ஒட்டு தன்னை ஒட்டு என்று காட்டிக்கொள்வதே அழகு.

இதற்கு முன்னும் பின்னும் செய்யும் வேலைகளில்தான் ஆளின் தரம் தெரிகிறது. சீரீஸ் என்று அழைக்கப்படும் பழைய லேண்ட் ரோவர்களின் குட்டை மாடலில் பெட்ரோல் டாங்க் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் பக்கத்தில் வெல்டிங் வைப்பதென்றால் டாங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும், பேட்டரி ஒயரையும் கழற்ற வேண்டும். வெல்டிங் முடிந்ததும் பெட்டியின் உட்புறம் பெயிண்ட் வெந்துபோய் வெறும் இரும்பாக நிற்கும். சேஸில் ஏற்கெனவே உள்ள துளைகள் வழியாகக் குழாய் விட்டு உள்ளே மெழுகு பீய்ச்சினால் துரு தள்ளிப்போகும். பீய்ச்சாமல் விட்டால் புதுத் தகடும் சில குளிர்காலங்களில் பழைய கதைக்குத் திரும்பும். இந்த மெழுகை எந்தச் சோதகரும் பார்க்கப் போவதில்லை, எந்தத் தாளிலும் அது வராது. சோதனைக்கு மட்டும் வேலை செய்பவர் இதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. செய்கிறவரை நான் கலைஞர் என்று சொல்வேன்.

பிரேக் விஷயம் இன்னும் தெளிவான சான்று. பிரேக்கைச் சோதிக்கும் உருளைகளில் பின்சக்கரங்களை ஏற்றி மிதித்தால் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எண்ணாக வரும். 30 சதவீதத்தைத் தாண்டினால் தோல்வி. தாளில் இருப்பது அவ்வளவே. லைனர் தேய்ந்திருக்கலாம், வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லாமல் இருக்கலாம். டிரம்மைக் கழற்றினால் பழைய லேண்ட் ரோவரில் அடிக்கடி காண்பது வேறொன்று: ஆக்சிலின் கியர் ஆயில் ஹப் சீலைத் தாண்டிக் கசிந்து லைனரை நனைத்திருக்கும். சீலை மாற்றி, லைனரையும் மாற்றினால் உருளைச் சோதனையில் எண் சரியாக வந்துவிடும். பல பேர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் சீல் ஏன் கசிந்தது? சீலின் உதடு உரசும் வளையத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். விழுந்திருந்தால் புது சீலும் சீக்கிரமே கசியும். அதுவும் சரியாக இருந்தால், ஆக்சில் குழலின்மேல் உள்ள சின்ன மூச்சுத்துளை வால்வைப் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது ஆக்சிலுக்குள் காற்று சூடேறி விரிகிறது, அது வெளியேற வைத்த வழி அது. சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைச் சீல்கள் வழியே தள்ளும். சோதனைத் தாள் பிரேக்கைக் குற்றம் சொல்கிறது. குற்றவாளி ஆக்சிலின் தலையில் சேறு பூசி உட்கார்ந்திருக்கிறது. அறிகுறியிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து அதன் காரணத்துக்கும் இப்படி இறங்கிப் போகும் புத்திதான் இந்தக் கலையின் உயிர். முன்சக்கர ஆட்டத்திலும் இதே நயம் உண்டு. ஜாக்கி போட்டுத் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது, இன்னொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். மிதித்தும் நிற்காவிட்டால், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில். பாகத்தைக் கழற்றாமலே நோயைப் பிரித்தறியும் இந்த உத்தியைக் கண்டவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

கற்கத் துணை இல்லாமலில்லை. விமானப் படையில் ஏடனில் இருந்தபோது நண்பரின் காரைப் பிரித்துப் பூட்ட உதவி, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்த ஜான் ஹெய்ன்ஸ், 1966இல் தம் முதல் வொர்க்‌ஷாப் கையேட்டை வெளியிட்டார். லேண்ட் ரோவருக்கும் அவர் நிறுவனத்தின் கையேடு உண்டு, கம்பெனியின் சொந்தக் கையேடும் உண்டு. ஆனால் துருவேறிய நட்டை எந்த அளவுக்கு முறுக்கினால் மரை போகும் என்பதைப் புத்தகம் சொல்லாது, மணிக்கட்டுதான் சொல்லும்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும் உயிர் சம்பந்தப்பட்டவை, அவற்றைக் கற்றுக்குட்டிகள் கையில் விடலாமா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. என் பதில், சோதனை இருப்பதே இதற்காகத்தான் என்பது. தானே செய்து தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வேலையாக இது இருந்திருந்தால் நானும் எதிர்த்திருப்பேன். இங்கே வெளியாள் ஒருவர், வண்டிக்காரரின் உழைப்பைப் பற்றி எந்தப் பாசமும் இல்லாதவர், மறுபடியும் ஆட்டிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார். வெல்டிங்கில் கை பழகாதவர் வெட்டித் தயார்செய்வதோடு நிறுத்தி, தேர்ந்த வெல்டரை வரவழைப்பதில் குறைவொன்றும் இல்லை. தன் கை எட்டும் எல்லையை அறிவதும் கற்பதில் ஒரு பகுதி. கூலிக்குச் செய்யும் இடங்களில் நேரம்தான் பணம் என்பதால், ஆயில் சீலோடு நின்றுவிடும் ஆசை அங்கே குறைவாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மூச்சுத்துளை வரைக்கும் போக ஓய்வு இருப்பது பெரும்பாலும் வண்டியின் சொந்தக்காரருக்கே.

இவ்வளவு பாடு எதற்கு, முழுச் சேஸையே மாற்றிவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. துத்தநாக முலாம் பூசிய புதுச் சேஸ்கள் பிரிட்டனில் தாராளமாகக் கிடைக்கின்றன. மாற்றுவதே சரி என்ற நிலையும் வரத்தான் செய்யும். ஒட்டுமேல் ஒட்டாக, நல்ல இரும்பு எங்கே என்று கோடு போடவே இடமில்லாத சேஸைக் கட்டிக்கொண்டு அழுவது பிடிவாதம். ஆனால் சேஸின் பக்கவாட்டில் நீளும் தாங்கியான அவுட்ரிக்கர் ஒன்று அரித்ததற்காக மொத்தத்தையும் எறிவது வேறு வகை அறியாமை. எல்லாவற்றையும் புதிதாக்கி, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல மினுக்கும் ரெஸ்டொரேஷன் வண்டிகளைக் கண்காட்சிகளில் பார்க்கலாம். அவற்றின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் என் மனம் அங்கே ஒட்டுவதில்லை. ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, பழமையைப் புதிதாக்குகிறேன் என்று சுரண்டி அழிப்பதை எதிர்த்தார். அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுவதே போதும் என்றார். தேவாலயச் சுவருக்குச் சொன்னது பண்ணை வண்டிக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பாடியில் பசுமாடு இடித்த நசுக்கல் இருக்கட்டும். பிரேக் மட்டும் பிடிக்கட்டும்.

பழைய டீசல் எஞ்சினின் புகையைப் பற்றிக் கேட்டால் தப்பிக்க வழியில்லை. இன்றைய வடிகட்டிகள் எதுவும் அதில் கிடையாது. 40 வயது கடந்து வரலாற்று வண்டியாகப் பதிவானவற்றுக்கு லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் விலக்களிக்கிறது என்பது சட்டப் பதில்தான், நுரையீரலுக்கு அது பதிலாகாது. தினமும் நகரத்துக்குள் ஓட்டும் வண்டியாக இதை நான் சிபாரிசு செய்யவில்லை. பணக் கணக்கிலும் இது லாபமில்லை; உதிரிபாகம் மலிவுதான், ஆனால் போகும் நேரத்துக்குக் கூலி போட்டால் கட்டுப்படியாகாது. லாபக் கணக்கில் நிற்காத வேலை என்பதற்காக வீணையையும் யாரும் விட்டுவிடுவதில்லையே.

என் கட்சிக்கு வலுவான சான்று கடைசியில் சட்டத்திடமிருந்தே கிடைத்திருக்கிறது. 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத 40 வயது கடந்த வண்டிகளுக்கு எம்.ஓ.டி. சோதனை தேவையில்லை. சீரீஸ் 3 உற்பத்தி நின்றது 1985இல். ஆகவே சீரீஸ் வரிசை லேண்ட் ரோவர்கள் ஏறக்குறைய அனைத்தும் இன்று அந்த விலக்குக்குள் வந்துவிட்டன. துருப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள வண்டிகளைத்தான் யாரும் தட்டிப் பார்க்கப் போவதில்லை. தோல்வித் தாள் கொடுக்க ஆள் இல்லாத நிலையில், எதை நம்பி அந்த வண்டி மலைச்சாலையில் இறங்கும்? உள்ளே பீய்ச்சிய மெழுகையும், சேறு துடைத்த மூச்சுத்துளையையும், நல்ல இரும்பு வரை வெட்டிய நேர்மையையும்தான். பொறுப்பும் போய்விடவில்லை: ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டியது தெரிந்தால் வயது எதுவானாலும் 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் 3 புள்ளிகளும் விழும்.

விலக்கு இருந்தாலும் விருப்பப்பட்டு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகத் தடையில்லை. பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வருடத்துக்கு ஒருமுறை நீங்களாகவே போய் லிஃப்டில் ஏற்றுங்கள். தோற்றால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்து, அதில் எழுதாததையும் சேர்த்துப் பாருங்கள். போவதற்கு முந்தின வாரமே நான்கு டிரம்மையும் கழற்றிவிடுங்கள்.